சொளவில் புடைத்த பிளாஸ்டிக்

இந்த ஒரகடம் ரோட்டில் காரே இல்லாமல் காரின் மூக்கு மட்டும் லாரி லாரியாகப் போகிறது. பம்பராம். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பம்பருக்கான பிளாஸ்டிக்கைச் சோதிப்பதுதான் என் பேத்தி செல்விக்கு வேலை; இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்குப் பொங்கிப்போட பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தவள் நான். இங்கே எல்லாம் பிடித்திருக்கிறது, தண்ணீரைத் தவிர.

மேனேஜரிடம் காட்டுவதற்காக இரண்டு பொட்டலம் வெள்ளைப் பொடி கொண்டுவந்து வைத்திருந்தாள். மேலே என்னமோ எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. காலையில் அவள் தூங்கும்போது பிரித்தேன். ஒன்று சாமை போல அழகான மணி. மற்றதில் ஒரே தூசி, கட்டி. உளுந்தைக்கூடப் புடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தறியாத கை சும்மா இருக்குமா? சொளவில் போட்டுப் புடைத்தேன், கட்டியைப் பொறுக்கிக் குப்பை வண்டியில் போட்டேன். வீட்டுக்கார ராணியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கோலமாவா? தனியா வச்சிகினு கீறியே!"

"வேணும்னா எடுத்துக்கோ தாயி" என்று தூசியைக் கொடுத்துவிட்டேன். அவள் போட்ட கோலம் லாரிக் காற்றில் பறந்தே போனது.

செல்வி எழுந்தாள். "என்ன ஆச்சி செஞ்சு வச்சிருக்கிய! அந்தத் தூசியும் கட்டியுந்தானே நான் காட்ட வேண்டியது!"

அழுதுகொண்டே விளக்கினாள். கேட்டலிஸ்ட் என்று கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கிறதாம். அதைச் சுற்றித்தான் இந்தப் பிளாஸ்டிக் பொடி வளருமாம், அதே வடிவத்தில். துகளுக்குள் சின்னச் சின்னப் பொந்து இருந்தால் கூடவே உண்டாகும் ரப்பர் அதற்குள் போய் உட்காரும்; வண்டி இடித்தாலும் பம்பர் வளைந்து கொடுக்கும். பொந்து போதவில்லையென்றால் ரப்பர் வெளியே வழிந்து கட்டி கட்டும். துகள் உறுதியில்லாமல் நொறுங்கினால் தூசி. இரண்டாவது பொட்டலத்தின் கேட்டலிஸ்ட் மோசம் என்பதற்கு அவளிடமிருந்த சாட்சியை நான் சுத்தம் செய்துவிட்டேன்.

"எங்க ஆச்சி புடைச்சிட்டாங்க சார்" என்று போனில் அவள் மேனேஜரிடம் சொன்னாள். அவர் சிரித்தாராம். ஆனாலும் புதுச் சாம்பிள் வந்து சோதித்த பிறகுதான் நிரந்தரம் பற்றிப் பேச்சு என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கு அந்தச் சோதனை. ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. "மதினி, வராம இருக்கியளே, மேளத்தையாவது கேளுங்க" என்று நாத்தனார் போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு காதில் மேளம் அதிர்கிறது. மறுகாதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், செல்வி வரும் கம்பெனி பஸ் நிற்கும் சத்தத்துக்காக.