உறைகிணற்றுக்கு நான் வைத்த பொட்டு

கொற்கைக்குக் கிழக்கே ஒரு வாழைத்தோட்டத்தில் நான் கெடுத்துவைத்த கிணறு ஒன்று இருக்கிறது. ஜேசிபிக்காரரையோ தோட்டக்காரரையோ குற்றம் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை, கெடுத்தது நான்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். சனிக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு கொற்கைப் பக்கம் போய்விடுவேன். ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற துறை. இப்போது கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது, வரப்பில் நடந்தால் அறுத்த சங்குத் துண்டுகள்தான் காலில் குத்தும். "ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வரத்தான் ஒங்களுக்கு இடுப்பு வலிக்கு" என்பாள் என் மனைவி.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான் அதைப் பார்த்தேன். வாழைக்குத் தோண்டிய இடத்தில், சுட்ட மண் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பழைய உறைகிணறு. உள்ளே கழுத்துவரை சேறு தூர்ந்து கிடந்தது. அந்தச் சேற்றை முறையாக, அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தால், கடல் அந்த ஊரை விட்டு எப்போது போனது என்று தெரிந்துவிடக்கூடும். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தோட்டக்கார அண்ணாச்சி நல்ல மனிதர். ஆனால் நிலத்தை நிரவத் திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லிவிட்டார்.

"மனு போடுதேன் அண்ணாச்சி, தொல்லியல் ஆபீஸ்லேருந்து வந்து பாப்பாங்க" என்றேன்.

"அவங்க பைய வருவாங்க சார்வாள். வாழக்கன்னு காத்துக் கெடக்குமா?"

மறுநாள் ஆராதனைக்குப் போகாமல், மஞ்சள்பொடி, குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு முழம் சிவப்புத் துணி வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். யாரும் இல்லை. பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலேயே வேதத்துக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. குங்குமத்தை எந்த விரலால் வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. மேல் வளையத்தைச் சுற்றி மஞ்சளைப் பூசி, ஏதோ ஒரு விரலால் மூன்று பொட்டு வைத்துவிட்டு, திருடனைப் போலத் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "சார்வாள், நம்ம தோட்டத்துல அம்மன் எந்திரிச்சிருக்கா! டிரைவர் செருப்பக் கழத்திட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, அங்கன மட்டும் தொடாமப் போயிட்டான்."

ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

மனுவுக்குப் பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. அப்புறம் விடைத்தாள், தேர்தல் வேலை என்று ஐந்தாறு மாதம் என்னால் அந்தப் பக்கமே போகமுடியவில்லை. போனபோது தகரக் கூரை போட்டு, பளபளவென்று டைல்ஸ் பதித்து, நடுவில் சூலம் நட்டிருந்தார்கள். பெயர்த்தெடுத்த வளையங்கள் உடைந்து வரப்போரம் குவிந்து கிடந்தன.

"மழைக்கு அம்மன் எறங்கிரக்கூடாதுல்லா? அடியிலேருந்து கான்கிரீட் போட்டுட்டோம்" என்றார் அண்ணாச்சி.

"உள்ள கெடந்த சேறு?"

"அத வீணாக்குவமா? எல்லாத்தையும் அள்ளி வாழைக்குப் போட்டாச்சு. நல்ல சத்து."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டு அண்ணாச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் பொட்டு வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மட்டும் அந்தச் சேறு திரும்பி வந்துவிடுமா?

அடுத்த வருஷம் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, கும்பிடுகிற இடத்தில் கை வைக்க முடியாது என்றார்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியில் இன்னும் எத்தனை கிணறு மண்ணுக்குள் இருக்கிறதோ, எனக்கு இப்போதெல்லாம் தேடிப் போகவே பயமாக இருக்கிறது.

அந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணாச்சி வீடு தேடி வந்து அழைத்தார். போனேன். முதன்முதலில் அந்தக் கிணற்றைக் கண்டு சொன்னது சார்வாள்தான் என்று எல்லார் முன்னாலும் மாலை போட்டார். கிளம்பும்போது, தோட்டத்தில் முதலில் வெட்டிய வாழைத்தாரை பைக்கில் வைத்துக் கட்டிவிட்டார்.

வீட்டில் நான்கு நாள் வைத்துச் சாப்பிட்டோம். இப்படி ஒரு ருசியான பழத்தைத் தான் சாப்பிட்டதே இல்லை என்றாள் என் மனைவி. நானும் சாப்பிட்டேன்.