சயான் இல்லை, தாராவி

கோகிலவாணி பிறந்தது மும்பையில் தாராவி, வளர்ந்தது தாராவி, வாழ்க்கைப்பட்டதும் தாராவி. ஆனால் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று யார் கேட்டாலும் அவள் வாயிலிருந்து வந்தது பக்கத்துப் பேட்டையான "சயான்" என்ற பதில்தான். அவள் மட்டுமா? அங்கே பாதிப் பேர் அப்படித்தான். வேலைக்கு மனுப் போட்டால் சயான், பெண் பார்க்க வந்தால் சயான், கிரெடிட் கார்டுக்காரன் போன் பண்ணினால் சயான். அந்தச் சின்னப் பேட்டை இத்தனை பேரை எப்படித்தான் தாங்குகிறதோ!

சும்மா வந்த பழக்கமில்லை அது. பி.காம். முடித்த கையோடு முலுண்டில் ஓர் ஆபீசுக்கு இன்டர்வியூ போனாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. முகவரியில் தாராவி என்று பார்த்ததும் எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார், மகராசன்! அன்றைக்கு ரயிலில் லேடீஸ் பெட்டியில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதவள், இறங்கும்போது இனி சயான்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

கணவன் மாரிக்கண்ணன் தோல்பை தைக்கிறவன். அவன் போட்ட தையல் அறுந்து யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பைகளை நேராக விற்கலாம் என்று கோகிலவாணி தானே வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வெப்சைட் கட்டினாள். கட்டி என்ன? ஈ, காக்கா வரவில்லை. வாஷியில் ஒரு ஷோரூம்காரர் மூக்கில் வேர்த்த மாதிரி வந்து நின்றார். தைக்கிற பையெல்லாம் தனக்கே, தன் லேபிள்தான் இருக்கும், வெப்சைட்டை மூடிவிட வேண்டும் என்றார்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சைட்டு ஓடலன்னா அவருக்கே கையெழுத்துப் போட்டுருவோம்" என்றான் மாரிக்கண்ணன். கோகிலவாணி தீபாவளிக்கு நாள் எண்ணினாள். அவர்கள் பேர் இல்லாமல் அவர்கள் பை போகப்போகிறது.

மாட்டுங்கா கண்காட்சியில் அவளிடம் பை வாங்கிச் சிநேகிதியான மானசாவுக்கு வெப்சைட் வேலைதான். கூகுளில் கடைகளை மேலே கொண்டுவருகிற ஆபீஸ், செம்பூரில். ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, சைட்டைத் திறந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன கோகிலா இது! 'பெஸ்ட் லெதர் பேக்'னு ஒரே பக்கத்துல இத்தனை தடவையா? கூகுளுக்கே அலுத்துப்போயிடும். தலைப்புல வெறும் 'ஹோம்'னு இருக்கு. வர்ணனையெல்லாம் வேற எவன் சைட்டுலேர்ந்தோ காப்பி அடிச்சிருக்கீங்க. போட்டோ ஒவ்வொண்ணும் தேர் மாதிரி, திறக்கறதுக்குள்ள ஜனங்க ஓடிடுவா."

"மத்த சைட்டுலேர்ந்து நம்ம சைட்டுக்கு எவனோ லிங்க் விக்கானாமே, வாங்கிப் போட்டா மேல வருமாமே?"

"ஐயோ, தொடவே தொடாதீங்க! கூகுள்கிட்ட மாட்டினா இருக்கறதும் போயிடும். தேடறவா என்ன வார்த்தை போட்டுத் தேடறாளோ, அதுக்குப் பதில் உங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் வித்தை."

"என்ன போட்டுத் தேடுதாவ?"

மானசா போனை நீட்டினாள். "லெதர் பேக் மும்பைன்னு அடிச்சுப் பாருங்கோ."

கோகிலவாணி அடித்தாள். முழுதாக அடிப்பதற்குள் கூகுள் தானாகவே கீழே ஒரு வரி நீட்டியது: லெதர் பேக் தாராவி.

அவள் அதை அமுக்கினாள். முதல் பக்கத்தில் அந்த வாஷி ஷோரூம். "அசல் தாராவிப் பைகள், தாராவிக் கைகளால் தைத்தவை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அடப்பாவி!" என்று எழுந்துவிட்டாள். "எங்க சைட்ட மூடச் சொல்லிட்டு எங்க ஊர் பேர்ல விக்கானா! நாங்க வெக்கப்பட்டு ஒளிச்சுவச்சத இவன் எடுத்து மாட்டிக்கிட்டானே!" வெட்கமா, கோபமா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் வெட்கம் முழுக்கக் கோபமாகிவிட்டது.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் அழித்தாள். தலைப்பில் "தாராவி தோல்பை, தைத்தவர் மாரிக்கண்ணன்" என்று போட்டாள். எந்தத் தோல், எந்த ஊசி, மழையில் நனைந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் தன் சொந்தப் பேச்சில் எழுதினாள். தமிழில் எழுதி மானசாவிடம் கொடுத்து, ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டாள். படங்களைச் சின்னதாக்கினாள். கூகுள் மேப்பிலும் சைட்டிலும் முகவரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று மானசா சொல்லியிருந்தாள். இரண்டிலும் சயானை அழித்துவிட்டுத் தாராவி என்று போட்டாள்.

மாரிக்கண்ணன் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா? தாராவின்னு போட்டா எவன் வாங்குவான்?"

"வாங்காட்டா போறான்! ஒளிச்சு ஒளிச்சு என்னத்தக் கண்டோம்? அந்த முலுண்டுக்காரன் முன்னால தலை குனிஞ்சது போதும். இனி என்னால முடியாது."

மாற்றினவுடனே கூகுள் ஓடி வந்துவிடாது, வாரக்கணக்கில் ஆகும் என்று மானசா எச்சரித்திருந்தாள். ஆயிற்று. தீபாவளியும் வந்தது. ஒரு விசாரிப்பும் இல்லை. மாரிக்கண்ணன் சொன்னபடி வாஷிக்காரருக்கு போன் போட்டான். பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வாஷிக்காரர் காகிதங்களோடு வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சைட்டில் போட்டிருந்த நம்பருக்கு போன் வந்தது. மாரிக்கண்ணன் எடுத்தான். புனேயிலிருந்து ஒரு பெண். கூகுளில் பார்த்தாளாம். இந்தியில் கேட்டாள்: "நீங்க நிஜமாவே தாராவியிலதான் தைக்கிறீங்களா? இல்ல, சும்மா பேர் போட்டிருக்கீங்களா?"

மாரிக்கண்ணனின் வாய் பழக்கத்தில் "சயா..." என்று ஆரம்பித்தது. அங்கேயே நின்றது. எதிரே தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த பை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கோகிலவாணி வாசலில் அசையாமல் நின்றாள்.

"தாராவியேதான்மா" என்றான் இந்தியில், சந்து முழுக்கக் கேட்கும்படி. "பொறந்ததும் இங்கதான், தைக்கிறதும் இங்கதான். சந்தேகமா இருந்தா நேர்ல வாங்க. தொண்ணூறடி ரோட்டுல வந்து என் பேரச் சொல்லிக் கேளுங்க."

போனை வைத்ததும் அவன் அவளைப் பார்க்கவில்லை. வாஷிக்காரர் நம்பரைத் தேடி எடுத்தான்.

"சேட், இன்னிக்கு வராதீங்க" என்றான். "அப்புறம் ஒண்ணு. உங்க சைட்டுல எங்க ஊர் பேரு இருக்கு. அத எடுத்துருங்க."