பாவுக்குக் கட்டிய பல்பு

ஐப்பசி பிறந்தால் என் வீட்டுக்காரர் சுருண்டுவிடுவார். மழை விழ ஆரம்பித்ததும் கட்டிலில் விழுந்து, தை வெயில் வரும்வரை சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறதென்று ஒரு நாள் நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது. அதுவும் சலித்துப்போய் நகர்ந்துவிட்டது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைச் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். எங்கள் குடித்தனமே அப்படித்தான் ஓடியது. போன மழைக்காலத்தில் அவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

"யோவ், எப்ப எறங்குவன்னு கட்டிலு கேக்குது."

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"ரசம் ஆறிப்போவுது. ஊட்டி வுடட்டுமா, புது மாப்ள?"

சோறு தட்டிலேயே காய்ந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவரை எழுப்பினேன், சாப்பிட வைத்தேன், சிரிக்க வைத்தேன். அந்த வாய்க்கே வேலை இல்லை என்றால் நான் என்ன செய்ய?

நாத்தனார் வந்து, "திருப்புட்குழிக்கு இட்டுக்கினு போ அண்ணி, பெருமாள சேவிச்சா சரியாப் பூடும்" என்றாள்.

"கட்டில வுட்டே எறங்க மாட்றாரு. பெருமாளையே ஒரு நடை இங்க வரச் சொல்லு."

மருமகள்தான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. பொறுமையாக எல்லாம் கேட்டாள்.

"வெளிச்சம் கொறையற மாசத்துல சில பேருக்கு மனசு இப்படி எறங்கிடும் பாட்டி. சோம்பேறித்தனம் இல்ல, வியாதிதான். மாத்திரை தரேன். தெனமும் காலைல கொஞ்ச நேரம் வெயில்ல உக்கார வைங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "அந்த வெயிலயும் சீட்டுல எழுதிக் குடுத்துடு கண்ணு. மெடிக்கல்ல வாங்கிக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் மழை விடவில்லை. வெயிலுக்கு எங்கே போக? சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் அவர் நெய்துகொண்டிருந்த சேலை தறியில் பாதியில் நிற்கிறது. பட்டு மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழையெல்லாம் தொய்ந்து ஒட்டிக்கொள்ளும், தொட்டால் அறுந்துவிடும். அதனால் ஈரம் காயப் பாவுக்கு அடியில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். பார்த்ததும் எரிச்சல் வந்தது. நூல் வெளிச்சத்தில் சுகமாக இருக்கிறது, மனுஷன் இருட்டில் கிடக்கிறான். பல்பைக் கழற்றிக் கட்டிலுக்கு மேலே கட்டிவிட்டேன்.

"அத்த, எல்இடி பல்பு சும்மா கெடக்குதே, அத மாட்டலாமில்ல?" என்றாள் மருமகள்.

"அது சுடுமா? வெயில்னா சுட வேணாமா?"

அவர் பொரிக்க வைத்த முட்டை மாதிரி பல்புக்கு அடியில் கிடந்தார்.

ரெண்டு மூணு நாள் போனது. ஒரு காலையில், சேலை அப்படியே நிற்கிறதே என்று மருமகள் தறியில் உட்கார்ந்தாள். காலடிக் கட்டையை மிதித்தாள். பட்டென்று ஓர் இழை அறுந்தது. அடுத்த மிதிக்கு இன்னும் நாலைந்து. கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"யார்டி பாவு பல்ப எட்த்தது?"

"உன் தலைக்கு மேல பாரு."

பார்த்தார். "அறிவு கீதாடி உனக்கு? நான் இன்னா பாவா?"

"பாவு தேவல. தொட்டா அசையவாவது அசையுது."

இறங்கினார். பல்பைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே கட்டினார். மருமகளை எழுப்பிவிட்டு, அறுந்த இழையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி முடிந்தார். முடிச்சுக்கு ஒரு திட்டு. என் அம்மா வீட்டையும் விடவில்லை. நான் எதிரில் குந்திக்கொண்டு இழையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணி வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "இன்னும் நாலு திட்டுயா, காதுக்கு நல்லா இருக்குது" என்றேன்.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தால் நம்மைப்போல் முட்டாள் இல்லை. மத்தியானமே திரும்பச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டார். ஆனால் பாதிச் சோறு உள்ளே போயிருந்தது. மாத்திரையும் விழுங்கினார். மழை விட்ட காலைகளில் மொட்டை மாடிக்கு இழுத்துப் போனேன். சில நாள் வந்தார், சில நாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தள்ளித் தள்ளி என் முட்டிதான் வீங்கியது.

மறுபடி டாக்டரிடம் போனோம்.

"தாத்தா எப்படி இருக்காரு பாட்டி?"

"திட்றாரு கண்ணு!" என்றேன்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மாத்திர போதும்மா. இவ வாய் மூட்றதுக்கு எதனா இருந்தா எழுதிக் குடு."