உறையாத பாகு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் தோசைமேல் மேப்பிள் பாகை ஊற்றியதும், அந்தப் புகை கலந்த இனிப்பு வாசனையில் என் கால்கள் ஓடத் தயாராகிவிட்டன. பனி மூடிய காட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடி, மரத்தில் வடித்த நீரைக் காய்ச்சிய மத்தியானத்தை அவள் சொல்லச் சொல்ல, நான் குளச்சல் சாலையோரம் அன்று இருந்த, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட பனைவிளைக்குள் சிறுவனாக நின்றுகொண்டிருந்தேன்.

சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளான எங்களை, பதநீர் காய்ச்சுவதைப் பார்க்க அங்கே கூட்டிப்போயிருந்தார்கள். காய்ந்த ஓலை எரியும் படபடப்பும், சுண்ணாம்பு பூசிய கலயங்களின் நெடியும், பொங்கிப் பொங்கி அடங்கும் நுரையுமாக இருந்த கொட்டகையில், அடுப்பைக் கவனித்த தங்கம் அத்தை, "புளிப்பு ஒரு துளி பட்டாலும் கருப்பட்டி உறையாது மக்கா, தள்ளி நில்லுங்க" என்றாள். அதைக் கேட்டு நான் பிளந்த வாயிலிருந்துதான், அதுவரை சப்பிக்கொண்டிருந்த பச்சைப் புளியங்காய் நழுவிப் பாகில் விழுந்தது.

யாரும் பார்க்கவில்லை. உறைவதற்காகத் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றிவைத்த பாகைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஊதினேன், விசிறினேன், ஜெபம்கூடப் பண்ணினேன்.

"ஏலே, உனக்கு என்ன, எறும்பு கடிச்சா?" என்றாள் அத்தை.

சாயங்காலம்வரை ஒரு சிரட்டைகூட உறையவில்லை. அத்தையின் ஒருநாள் வேலை அப்படியே தளதளத்தது. "மேகம் போட்டிருக்குல்லா, ஈரக்காத்து" என்று அவள் வானத்தை முறைத்தாள். நானும் சேர்ந்து முறைத்தேன்.

இன்று மகளின் குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். அதுவும் ஓடியது.

"மக்களே, உள்ளதச் சொல்லு. இதுல புளியங்காயைப் போட்டது யாரு?" என்று அவளிடம் கேட்டேன்.

"இது உறையவே கூடாதுப்பா. இப்படித்தான் இருக்கணும்."

இதை அன்றைக்கே யாராவது அத்தையிடம் சொல்லியிருக்கலாம்.