மாப்பிள்ளை வீட்டார் பார்த்த கம்ப்யூட்டர்

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசுக்கு டைப் அடிக்கப் போனேன். மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு ஆகாது. நானே மூடியைக் கழற்றிவிடுவேன். அப்படிக் கழற்றிக் கழற்றித்தான் இன்றைக்குச் சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்ததும் சொன்னது இது: "கழத்துறது பெரிசில்லட்டி. ஸ்க்ரூ மிச்சம் விழாம மாட்டணும்."

கம்ப்யூட்டரைப் போட்டதும் கண்முன்னால் வந்து நிற்கிறதே, சின்னச் சின்னப் படங்கள், ஒரு பட்டை, மூலையில் மணி காட்டுகிற இடம், அந்த முகப்புக்குத்தான் டெஸ்க்டாப் என்று பேர். நான் வாடிக்கைக்காரர்களுக்குப் போட்டுக்கொடுப்பது கடையில் விற்கிற சரக்கில்லை. பல நாட்டுக்காரர்கள் தங்கள் பிழைப்பு வேலை போக மிஞ்சுகிற நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருப்பது. அதில் பழைய மிஷின்களுக்கென்றே ஒரு வகை உண்டு. அதைப் போட்டால், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற மிஷின்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம், இந்த டெஸ்க்டாப்பைச் செய்கிறவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்தால் மேலேயே ஓர் அறிவிப்பு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகம்தான். இரண்டு தடவை படித்தேன். வேலை செய்ய ஆள் குறைந்துவிட்டது, பழைய மிஷின் வகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போய்விட்டார்கள், நிஜமான பழைய மிஷின்களில் போட்டுப் பார்த்துச் சொல்லத் தொண்டர்கள் வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்த வெளியீட்டோடு இந்த வகையை நிறுத்திவிடுவோம். இதுதான் சாரம்.

எனக்கு உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் முகம்தான் வந்தது.

டீச்சர் என்று நான் சொல்வது, பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற ஒருத்தியை. என்னைவிடச் சின்னவள், என்னை மதினி என்பாள். மில் ஒன்று வேண்டாமென்று ஒதுக்கிய மிஷின்களை நான்தான் துடைத்து, இந்த டெஸ்க்டாப்பைப் போட்டு, அவள் மாடியில் வரிசையாக வைத்துக்கொடுத்தேன். சதுரமாக, கனமாக இருக்கும் பழைய மானிட்டர்கள். கூமாப்பட்டி, வத்திராயிருப்பு என்று மலையடிவார ஊர்களில் இருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். தட்டச்சும் பில் போடுவதும் கற்றுக்கொண்டு, கடைகளுக்கும் மில் ஆபீசுகளுக்கும் வேலைக்குப் போவார்கள். இந்த வகை நின்றுபோனால் புதுப்பிப்பு வராது. புதுப்பிப்பு வராவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கிற பக்கம், பேங்க் பக்கம் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். புதிய வகைகளை அந்த மிஷின்கள் தாங்காது. வகுப்பை மூட வேண்டியதுதான்.

கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். மாடிப்படி ஏறும்போதே பால் சுண்டுகிற வாசனை. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வாலண்டியர்னா சம்பளம் உண்டா மதினி?"

"கிடையாது."

"காப்பி?"

"அது நீதான் போடணும்."

"அப்போ சரி, நம்ம ஊரு வேலைதான்" என்றாள். கண்ணில் மட்டும் பயம் இருந்தது. "நின்னுருமா மதினி? நெசமாவா?"

"ஆள் சேர்ந்தா நிக்காது. நம்ம பிள்ளைக அம்புட்டுப் பேரும் போட்டுப் பார்த்துச் சொன்னா போதும்."

அடுத்த வெளியீட்டுக்கென்று அவர்கள் வைத்திருந்த சோதனைப் பதிப்பை எல்லா மிஷினிலும் ஏற்றினோம். பெண்கள் தினசரி வேலையை அதிலேயே செய்தார்கள். நான் என் கடையில் ஒரு பழைய மிஷினில் போட்டு வீட்டுக்காரரை உட்கார வைத்தேன். பட்டாளத்துக்காரர் இல்லையா, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, "ஆல் ஓகே" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் பதில்கள் வந்தன. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. எங்கள் ஊர்த் தெலுங்கு வீட்டு மருமகள் ஒருத்தியும் அங்கே படித்தாள். அவள் தன் பாஷையில் அதையே "பாகுந்தி" என்று சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஆக்கி, பெருமையோடு அனுப்பிவைத்தேன். இத்தனை பேர் இத்தனை நல்ல வார்த்தை சொன்னால் எந்த மனுஷன் கடையை மூடுவான்?

அந்தப் பக்கத்தில் இருந்து பதில் எழுதியவர் அந்த வகையைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒருவர். ஏதோ குளிர் நாட்டில் இருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் கோளாறே இல்லாத மென்பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் உண்மையிலேயே போட்டுப் பார்த்தீர்களா? எது உடைகிறது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், இதைத் தொடர வேண்டும் என்று மற்றவர்களிடம் என்னால் வாதாட முடியாது.

எனக்குச் சுருக்கென்றது. பாராட்டினால் சந்தேகப்படுகிற மனுஷரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"நீங்க நெசமாவே எல்லாத்தையும் பார்த்தீகளா?"

"பார்த்தேனே. அந்த செட்டிங்ஸ் பெட்டியில ஓகே பட்டன் மட்டும் தெரியல."

"தெரியலையா?"

"ஸ்க்ரீனுக்குக் கீழ போயிருச்சு. நான் உத்தேசமா என்டரைத் தட்டிட்டேன். வேலை நடந்துச்சு."

"பொறவு ஏன் ஆல் ஓகேன்னீக?"

"வேலைதான் நடந்துருச்சே!" என்றார் அவர், நான்தான் விவரம் இல்லாதவள் மாதிரி.

மறுநாள் காலை மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். வகுப்பில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. எங்கேயும் தடங்கல் வந்துச்சா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வத்திராயிருப்பில் இருந்து வருகிறவள் மெல்ல ஆரம்பித்தாள். "கரண்ட் போயி வந்தா எலி செத்துப்போகுதுக்கா, மவுசு அசையவே மாட்டேங்குது. பிடுங்கி மாட்டிக்கிடுவேன்."

"ஏன் சொல்லல?"

"எம் மிஷினுக்குத்தான் ராசி இல்லைன்னு நெனச்சேன்."

"எனக்கும்தான் சாகுது!" என்றாள் தெலுங்கு வீட்டு மருமகள்.

"ஏட்டி, நீ பாகுந்தின்னியே?"

அதற்குப் பதில் சொன்னது கூமாப்பட்டிக்காரி. வகுப்பில் மூத்தவள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவள், வாய்க்குப் பஞ்சமில்லை. "என்னக்கா பேசுறீக? முன்னப் பின்ன தெரியாதவுக. ஓசியா செஞ்சு குடுத்திருக்காக. அதையும் வாங்கி வச்சுக்கிட்டு, இது நொட்டை அது சொத்தைன்னு எழுதினா அவிய நம்மளை என்ன நெனப்பாக? நம்மளை வளர்த்தவுகளைத்தான் வைவாக."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சரும் ஆட்டினாள். குறை சொல்வதுதான் அவர்களுக்குச் செய்கிற உதவி என்று நான் சுற்றிச் சுற்றி விளக்கினேன். "சரிக்கா, சரிக்கா" என்றார்கள். அந்தச் "சரிக்கா"வின் சத்தத்திலேயே தெரிந்தது, ஒருத்தியும் எழுதப்போவதில்லை.

டீச்சர் காப்பி கொண்டுவந்தாள். நான் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் மிஷின்களின் தலையை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டே போனாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் கூமாப்பட்டிக்காரி தன் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் முந்தின வாரத்துக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகளைக் கொடுத்த இடமாம்.

"பந்தியில உக்காந்ததுல இருந்து நையி நையின்னு. வடை ஆறிப்போச்சாம். பாயசத்துல முந்திரியைத் தேடணுமாம். தண்ணி பாட்டில் சின்னதாம். மண்டபத்து ஃபேன் சத்தம் போடுதாம். ஃபேனுக்கு நாங்க என்னத்தைச் செய்ய? பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போறவுகளா, ஃபேனைக் கட்டிக்கிட்டுப் போறவுகளா?"

"நீங்க மட்டும் சும்மாவா? உங்க வீட்டுப் பையன் கல்யாணத்துல மைக் செட்டுக்குச் சண்டை போட்டீகளே" என்றாள் மற்றவள்.

"அது வேற. அங்க நாங்க மாப்பிள்ளை வீடு!"

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏட்டி, இங்க பாருங்க எல்லாரும். இந்த டெஸ்க்டாப்பு இருக்குல்ல, இது பொண்ணு வீடு. செஞ்சவுக கையைக் கட்டிக்கிட்டு நிக்காக. நீங்க ஓசி வாங்க வந்தவுக இல்ல. நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரக. இப்போ பாருங்க."

கூமாப்பட்டிக்காரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி, காலைக் கொஞ்சம் அகட்டி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மாதிரி உட்கார்ந்து, ஸ்க்ரீனை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

"இதென்ன, மரியாதை தெரியாத வீடா இருக்கு? கூப்பிட்டா உடனே வாறதில்லையா? மெனுவைத் தட்டினா, பஸ்ஸைப் பிடிக்க ஓடியாறவ நடுவுல செருப்பை விட்டுட்டுத் திரும்பிப்போன மாதிரில்ல, பாதி வந்து நின்னு மிச்சம் வருது!"

அவ்வளவுதான். மாடி அதிர ஆரம்பித்தது.

"தமிழ்ல அடிச்சா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புருசனும் பொஞ்சாதியும் பேசிக்கிறதில்ல போல."

"பிரிண்ட் போட்டா கடைசி வரியை வெட்டிருது. பந்தியில கடைசி எலைக்குச் சோறு இல்லேங்கிற மாதிரி."

"ஓகே பட்டன் பாதாளத்துல கெடக்கு! கிணத்துல விழுந்த வாளியாட்டம் தொளாவ வேண்டியிருக்கு!"

"நானும் தொளாவித்தான் தட்டுறேன்!" "நானும்!" என்று நாலு பக்கமும் குரல். என் வீட்டுக்காரர் உத்தேசமாகத் தட்டிய அதே பட்டன்.

கீழே பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சண்டையா?"

"இல்லண்ணே, சம்பந்தம் பேசுறோம்" என்றாள் டீச்சர். நான் வந்ததில் இருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

என் கை ஓடி எழுதியது. கூமாப்பட்டிக்காரி ஒரு முறையும் வகுத்துக்கொடுத்தாள்: குறை எத்தனை சொன்னாலும், எழுந்திருக்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொருத்தியும் முடிக்கும்போது, "மத்தபடி பொண்ணு தங்கம்" என்று சொல்லி எழுந்தாள்.

இராஜபாளையம் திரும்பி, உட்கார்ந்து எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஆக்கினேன். எந்த மிஷின், எவ்வளவு நினைவகம், எதைத் தட்டியபோது என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கிற முறைப்படி முதலில் எழுதினேன். அதோடு இவர்கள் பேச்சையும் விட மனசு வரவில்லை. செருப்பை விட்டுவிட்டு வந்தவள், கிணற்று வாளி, கடைசி இலை, எல்லாம் போனது. ஒவ்வொன்றின் அடியிலும், மற்றபடி மணப்பெண் தங்கம்.

பதில் சீக்கிரமே வந்தது. முதல் வரியே, எந்த மணப்பெண்? நான் விளக்கி எழுதினேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் என்றால் யார், பந்தி என்றால் என்ன, வடை ஆறினால் என்ன ஆகும் எல்லாம். அதற்கு அவர் நீளமாக எழுதினார். அந்தப் பட்டன் விஷயம் அவர்கள் ஒருவருக்கும் தெரியாதாம். செய்கிறவர்கள் எல்லோரிடமும் அகலமான பெரிய ஸ்க்ரீன்கள். சதுர மானிட்டரில் உட்கார்ந்து பார்க்க ஆளே இல்லாமல் இருந்ததாம். எலி சாகிற இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்களிடம் எங்கள் குறைகளைக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டு அவர் தேசத்தில் ஒருவரும், வேறெங்கோ இன்னொருவரும் திருத்துகிற வேலையில் கைகொடுக்க வந்திருக்கிறார்கள். பழைய மிஷின் வகை அடுத்த வெளியீட்டிலும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறினேன், இந்தத் தடவை வீட்டுக்காரரும் கூட வந்தார். டீச்சரிடம் சொன்னதும் அவள் கீழே இறங்கிப்போய், இளஞ்சூடாக ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கிவந்து, என் வாயில் ஒரு கை திணித்துவிட்டுத்தான் அழுதாள்.

திருத்திய பதிப்பை ஏற்றினோம். செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் அந்த மிஷினைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கீழே, சதுர ஸ்க்ரீனுக்கு உள்ளேயே, ஓகே பட்டன். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "ஆல் ஓ..." என்று தொடங்கினார்.

"அண்ணே, செத்த சும்மா இருங்க" என்று அவரை விலக்கிவிட்டுக் கூமாப்பட்டிக்காரி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கினாள். பெட்டி மூடியது. திரும்பத் திறந்தாள், திரும்ப அமுக்கினாள். அவள் நாற்காலியில் சாய்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"வந்துருச்சு, இல்லேங்கல. ஆனா இம்புட்டுச் சின்னதாவா வைக்கிறது?"

என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்கக்கா."