பாக்டீரியாவுக்காக ஒரு திருத்தம்

அண்ணனின் திருப்பதி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணி பிளேடால் பிளாஸ்டிக் முனைகளை வெட்டிக்கொண்டிருப்பார். ஆய்வகத்தில் திரவம் உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியில் மாட்டும் மஞ்சள் முனைகள் அவை. கூரான பகுதி போய்விட்டால் வாய் அகலமாகும். "உங்க அண்ணி காலங்காத்தால எல்லார் மூக்கையும் அறுத்துக்கினு இருக்கா பாரு" என்பார் அண்ணன். அண்ணி நிமிராமலே, "அடுத்தது உங்களுதுதான், இருங்க" என்பார்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் சித்தூர் நிருபர். அண்ணி, நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். திருப்பதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். பாக்டீரியாவின் டிஎன்ஏ, அது குடியிருக்கும் செல்லைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நீளம். நம் செல்லில் இருப்பதுபோல் அதற்கென்று உட்கருவும் கிடையாது. பிறகு எப்படி அடங்குகிறது என்று கேட்டேன். அண்ணி ஒரு நூலை எடுத்து நன்றாக முறுக்கி, இரு முனைகளையும் நெருக்கிப் பிடித்தார். நூல் தானாகவே தன்மேல் சுருண்டுகொண்டது. "இப்படித்தான் தம்பி. அங்கங்க சில புரதம் புடிச்சுக்கினு இருக்கும். எங்கனா அறுந்துச்சுன்னா அந்த இடத்து முறுக்கு ஓடிப்பூடும்." குறுகிய முனைக்குள் இழுத்தால் டிஎன்ஏ அறுந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

அந்தப் புரதங்களில் ஒன்று இல்லாத பாக்டீரியாவில் டிஎன்ஏ அவிழ்ந்து பரவிக் கிடப்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். மடிப்பைக் காப்பது அந்தப் புரதம்தான் என்று முடிவாயிற்று. நான் அண்ணியின் படத்தோடு மூன்று பத்தி எழுதினேன். அவருடைய நைனா அதை வெட்டித் தறிக்கு மேலே ஒட்டினார். பட்டம் கைக்கு வந்ததும் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சித்தூரில் ஒரு கல்லூரி சொல்லியிருந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கையில், அண்ணி தன் நோட்டுகளை முதலிலிருந்து படித்தார். எதையும் விடாமல் எழுதும் வழக்கம் அவருக்கு. 'வெட்டிய முனை தீர்ந்தது. புது டப்பா' என்று ஒரு வரி இருந்தது. அந்த வாரங்களில் நைனாவுக்கு உடம்பு சரியில்லாமல் அவர் நகரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். முனை வெட்ட நேரமில்லை. அந்தப் புரதம் இல்லாத மாதிரிகள் அனைத்தும் அந்த வரிக்குப் பிறகு செய்தவை. அகன்ற முனையால் எல்லாவற்றையும் மறுபடி செய்து பார்த்தார். புரதம் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையிலும் டிஎன்ஏ ஒரே மாதிரிதான் சுருண்டிருந்தது. முன்பு அதை அறுத்து அவிழ்த்தது அந்தக் குறுகிய முனைதான்.

"யாருக்குத் தெரியப்போவுது? வேலைல சேந்துட்டு அப்புறமா சரி பண்ணிக்கோ" என்றார் அண்ணன்.

"நோட்டுல எழுதிக்கீதே. நான் எழுதினத நானே படிக்காத மாதிரி எப்படி இருக்கறது?"

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லி ஆய்வேட்டை நிறுத்தினார். அதற்கடுத்த நாள் சித்தூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"திருத்தமா? ஏம்மா, அந்த பாக்டீரியாவே வந்து கேட்டுச்சா?" என்றார் செய்தி ஆசிரியர்.

"அதுக்கு வாயில்ல சார். அதான் நான் பஸ் புடிச்சு வந்துக்கீறேன்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை; என் பெயரில் வந்த செய்தி அது. நான்கு வரியில் திருத்தம் போட்டோம். தறிக்கு மேலிருந்ததை மட்டும் நைனா எடுக்கவில்லை. "போட்டோ நல்லா கீது, இருக்கட்டும்" என்றுவிட்டார்.

கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. பட்டம் தாமதமாகத்தான் வந்தது. அந்த ஆய்வேட்டில் தவறான படங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் காரணத்தோடு. அண்ணி இன்று திருப்பதியில் பேராசிரியை. நான் செய்தி மேசையில் இருக்கிறேன். திருத்தம் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது என் வேலைகளில் ஒன்று. தங்களைக் குறைத்து எழுதிவிட்டோம் என்று கோபத்தோடு வருவார்கள். உயர்த்தி எழுதிவிட்டீர்கள், இறக்கிப் போடுங்கள் என்று கேட்டு வந்தவர் இத்தனை வருடத்தில் அண்ணி ஒருவர்தான்.