வருத்தக்காரி மாதிரியே போறது?

இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக, டொக்டரான என் அறைக்கு வந்த தமிழ் அம்மா கையை நீட்டியதும், முகப்பவுடர் வாசம் எழுந்தது. உடனே எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் டொக்டரிடம் போகும் நாட்களில் என் அம்மா கலியாணச் சேலை உடுத்து, கழுத்துவரை பவுடர் பூசுவார். "டொக்டரிட்டை வருத்தக்காரி மாதிரியே போறது?" என்பார்; நோயாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது அவருக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் ஜெர்மன் வாயும் நானே.

"நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார் டொக்டர்.

"கொஞ்சம் களைப்பு எண்டு மட்டும் சொல்லு," என்றார் அம்மா.

அதற்கு முதல்நாள் அவர் குசினியில் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்ததை நான் ஜெர்மனில் விவரமாகச் சொன்னேன்.

"நான் ரெண்டு சொல்லுத்தானே சொன்னனான்? நீ என்னடி இவ்வளவு நேரம் கதைக்கிறாய்?"

டொக்டர் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. அன்றே ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில் ஜெர்மன்காரியிடம் அம்மா தமிழிலேயே பெருமையடித்தார்: "டொக்டருக்கே சொல்லிக் குடுத்தது என்ரை பிள்ளை!"

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை," என்று இப்போது என் அறையில் இருந்த அம்மா சிரித்தார்.

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு நேரம் இருக்கு, அம்மா. ஆறுதலாச் சொல்லுங்கோ."